மைக் வேண்டாத பிரார்த்தனை

என் தகரப் பெட்டியில் மூன்று ரப்பர் ஸ்டாம்புகள் இருந்தன. ஒன்று எங்கள் ஊர்க் கோயில் கமிட்டியுடையது. இன்னொன்று பழைய மிஷன் சர்ச்சுடையது. மூன்றாவது யாருடையதும் இல்லை. அந்த மூன்றாவதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே இறங்கும் ஒரு முக்கில் எனக்கு மைக் செட் கடை. இரண்டு ஆம்ப்ளிஃபயர், எட்டுக் குழாய் ஸ்பீக்கர், ஒரு சாக்கு நிறைய வயர். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் மைக் கட்டாத சாமி கிடையாது. கோயில் உற்சவத்துக்குப் பத்து நாள், சர்ச் கன்வென்ஷனுக்கு ஐந்து நாள், நடுவில் கல்யாணம், கட்சிக் கூட்டம். தென்னை மரத்தில் ஏறி எந்தக் குழாயை எந்தத் திசைக்குத் திருப்புவது என்பதில்தான் ஊரின் பாதிச் சண்டை. கோயில்காரர்கள் சர்ச் பக்கம் திருப்பச் சொல்வார்கள். சர்ச்காரர்கள் கோயில் பக்கம் திருப்பச் சொல்வார்கள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு வயல் பக்கம் திருப்பி வைப்பேன்.

மைக் கட்ட போலீஸ் ஸ்டேஷனில் பெர்மிஷன் வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் ஆராதனாலயத்தின் பெயர், செயலாளர் பெயர், கையெழுத்து, ஸ்டாம்பு எல்லாம் வேண்டும். ஒவ்வொரு தடவையும் செயலாளர்களைத் தேடி அலைய எனக்கு எங்கே நேரம்? அதனால் இரண்டு கமிட்டிக்காரர்களும் வெற்று லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டு ஒரு கட்டையும், கூடவே ஸ்டாம்பையும் என்னிடமே தந்துவிட்டார்கள். நான் நிரப்புவேன், குத்துவேன், ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு வருவேன். பெர்மிஷன் கையில் கிடைப்பதற்குள் பல தடவை உற்சவமே முடிந்து பந்தல் பிரித்திருப்பார்கள். அதைப் பற்றி யாரும் மூச்சு விட்டதில்லை. உற்சவப் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்களே முன்வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரி பாலராமபுரத்தில் தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவள். அங்கிருந்து நேராக ஒரு மைக் செட்காரன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். முன்னறையில் நான் கேசட் போட்டு ஆம்ப்ளிஃபயரை ரிப்பேர் பார்த்துக்கொண்டிருப்பேன், பின்னால் அவள் ஏதாவது சொல்வாள், நான் "என்ன?" என்று கத்துவேன்; "ஒண்ணுமில்ல" என்பாள். எங்கள் தாம்பத்தியத்தின் பெரும் பகுதி அந்த "ஒண்ணுமில்ல"தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிறகு நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரணம் அது இல்லை.

எங்கள் வீட்டிலிருந்து நான்கு பறம்பு, அதாவது நான்கு தோட்டம் தள்ளி ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். மனைவி போனபின் தனியாள். வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு முன்னறையில் சிலர் கூட ஆரம்பித்தார்கள். ஒரு டீச்சர், கடல் வீட்டைக் கொண்டுபோன பிறகு பொழியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும், இன்னும் சிலர். மொத்தம் பதினொரு பேர். அவர்களில் இந்துக் குடும்பத்தவர்களும் உண்டு, சர்ச் குடும்பத்தவர்களும் உண்டு. படம் கிடையாது, விளக்கு கிடையாது, புத்தகம் கிடையாது. பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து சும்மா இருப்பார்கள். யாருக்காவது ஏதாவது சொல்லத் தோன்றினால் சொல்லலாம். மற்றவர்கள் கேட்பார்கள். பதில் சொல்லக் கூடாது. பிறகு எழுந்து வீட்டுக்குப் போவார்கள். கண்டக்டருக்கு ஏதோ ஒரு நாள் காலிப் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது இது தோன்றியதாம்.

என் வீட்டுக்காரி பதினொன்றாவது ஆள்.

"அங்க பெய் என்ன செய்யுதிய?" என்று நான் கேலி செய்தேன்.

"சும்மா இருக்குதோம்."

"சும்மா இருக்கணும்னா இங்க இருக்கப்பிடாதா?"

"இங்க எங்க சும்மா இருக்க விடுதிய?" என்றாள். ஆம்ப்ளிஃபயர் அப்போது கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை அவளுக்குத் துணையாக என்று சொல்லிக்கொண்டு நானும் போனேன். உண்மையில் வேவு பார்க்கத்தான் போனேன். கதவை ஒருக்களித்துச் சாத்தினார்கள். ஐந்து நிமிடத்தில் என் காதுக்குள் ஒரு ரீங்காரம் கேட்க ஆரம்பித்தது. இத்தனை வருடம் குழாய்க்கடியில் நின்றதன் கூலி. பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். என்னை எழுப்பியது அவளுடைய குரல்.

"இன்னைக்குக் காலத்த கிணத்துல வெள்ளம் கோரும்போ எனக்கு ஒரு சந்தோசம் வந்து. காரணம் ஒண்ணுமில்ல. வாளி மேல வந்து, சந்தோசமும் கூட வந்து. அவ்வளவுதான்."

காலையில் அவள் அந்தத் தண்ணீரைத்தான் எனக்குக் குளிக்கக் கொண்டுவந்து வைத்தாள். நான் அவளைத் தாண்டிப் போய்க் குளித்துவிட்டுக் கடைக்குப் போனேன். என்னிடம் சொல்லாததை அவள் பத்துப் பேரிடம் சொல்கிறாளே என்று பொறாமைப்பட்டேன். அதோடு, என்னிடம் சொல்லியிருந்தால் நான் "என்ன?" என்று கத்தியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரிந்தது. அதன்பிறகு நான் அங்கே போகவில்லை. ஆனால் வியாழக்கிழமை திரும்பி வரும்போது அவள் முகத்தில் இருக்கும் தெளிச்சலைப் பார்ப்பதற்காக வாசலில் நிற்பேன். அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஊருக்கு இது பொறுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்கிறார்கள்? ஆளை மதம் மாற்றுகிறார்களா? மருந்து கொடுக்கிறார்களா? தங்கள் பிள்ளைகளைச் சர்ச்சுக்கு இழுக்கிறார்கள் என்று கோயில்காரர்கள் சொன்னார்கள். தங்கள் ஆட்களை இந்துவாக்குகிறார்கள் என்று சர்ச்காரர்கள் சொன்னார்கள். குழாயின் திசைக்காக வருடா வருடம் முட்டிக்கொண்ட இரண்டு கமிட்டியும் சரித்திரத்தில் முதல் தடவையாகச் சேர்ந்து ஒரு புகார் எழுதின. அது எழுதப்பட்ட தாள் என் பெட்டியில் இருந்த தாள். "ஒரு லெட்டர்பேடு எடும்" என்று கோயில் செயலாளர் வந்து கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். "அந்த ஸ்டாம்பையும் குத்தும்" என்றார்; குத்தினேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றுதான் இப்போது படுகிறது. அவர்கள் என் வாடிக்கைக்காரர்கள்.

அடுத்த வியாழக்கிழமை கண்டக்டர் வீட்டு முன்னால் போலீஸ் ஜீப் வந்து நின்றது. மறுநாள் கண்டக்டரை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். எனக்கு ஸ்டேஷன் பழக்கம் என்பதால் கூடப் போனேன். எஸ்.ஐ. கெட்ட மனுஷன் இல்லை. மேஜைமேல் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு மலையாளத்தில் பொறுமையாகவே கேட்டார்.

"உங்கள் சபையின் பெயர் என்ன?"

"பேர் இல்ல சார்," என்றார் கண்டக்டர்.

"செயலாளர் யார்?"

"அப்பிடி ஆரும் இல்ல."

"எந்த மதத்தில் சேர்ந்தது?"

"யோசிச்சுப் பாக்கல்ல சார்."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். "மைக் கேட்கிறீர்களா?"

"வேண்டாம் சார். நாங்க சத்தம் போடமாட்டோம்."

அங்கேதான் அவர் முகம் மாறியது. "சத்தம் போடாமல் என்ன பிரார்த்தனை?" என்றார். ஏட்டும் திரும்பிப் பார்த்தார். எட்டுக் குழாய் கட்டி ஊரை உலுக்குகிறவர்களைப் பற்றி அந்த ஸ்டேஷனுக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை. அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது வேண்டியவன் வேண்டாதவன் எல்லாருக்கும் கேட்கிறது. நாளைக்கு ஒரு அடிதடி வந்தால் செயலாளரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம். இங்கே யாரைக் கூப்பிடுவது? "பெயர் இல்லாததை நான் என்னவென்று எழுதுவேன்?" என்று எஸ்.ஐ. கேட்டார். உண்மையிலேயே அது அவருக்கு ஒரு கஷ்டமாக இருந்தது. எழுத முடியாததால், இனி உத்தரவு வரும்வரை கூடக் கூடாது என்று வாயால் சொல்லி அனுப்பினார்.

பிற்பாடு இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். எனக்கு அப்போது பேச வேறு யாரும் இருக்கவில்லை. அரசாங்கத்துக்குச் சாமியோடு ஒரு பகையும் கிடையாது. கோயிலும் சர்ச்சும் இந்த ஸ்டேஷன் கட்டுவதற்கு முன்பே இருந்தவை. அவற்றின் வழக்குகள் கட்டுக் கட்டாக அலமாரியில் இருக்கின்றன. அவற்றின் ஆட்களுக்கு ஓட்டு இருக்கிறது. அவை எங்கே முறைக்கும், எங்கே பணியும் என்று தெரியும். புதிதாக ஒன்று வந்தால் அது என்னவாக வளரும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததைச் சின்னதாக இருக்கும்போதே நிறுத்தி வைப்பது லேசு. பதினொரு பேருக்காகக் கேட்க வர எந்த எம்.எல்.ஏ. இருக்கிறார்? பழைய சாமிகளும் ஒரு காலத்தில் பதினொரு பேரோடுதான் ஆரம்பித்திருக்கும். அப்போது இந்த ஸ்டேஷன் இல்லாததால் தப்பித்தன.

வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் அவள் அடுக்களைப் படியில் உட்கார்ந்து கிணற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்காக நான் ஆம்ப்ளிஃபயரை அணைத்து வைத்தேன். அது போதவில்லை. ஒன்றிரண்டு மாதம் போனபின் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஊருக்கெல்லாம் ஸ்டேசன்ல பெய் பெர்மிசன் வாங்கிக் குடுக்கிய. எங்களுக்க காரியமும் ஒண்ணு கேட்டுப் பாருங்களேன்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறி ஸ்டாம்பு வெட்டும் கடைக்குப் போனேன். பெயர் வேண்டுமே? பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். அந்தப் பெயரை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அதில் 'சர்வ' உண்டு, 'ஐக்கிய' உண்டு, 'சமாஜம்' உண்டு. வட்ட ஸ்டாம்பு, நடுவில் ஒரு தாமரை. கடைக்காரர் தாமரை அழகாக இருக்கும் என்றார்.

எனக்குத் தெரிந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான்: மைக் விண்ணப்பம். அதையே நிரப்பினேன். ஆராதனாலயத்தின் பெயர் எழுதினேன். செயலாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உறுப்பினர் பட்டியல் இருந்தால் பெர்மிஷன் சீக்கிரம் வரும் என்று ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். உட்கார்ந்து பதினொரு பேரின் பெயரையும், வீட்டு நம்பரையும், என்ன சோலி என்பதையும் என் அழகான கையெழுத்தில் எழுதினேன். டீச்சர் எந்தப் பள்ளிக்கூடம் என்பதுகூட எழுதினேன். ஒவ்வொரு தாளிலும் தாமரையைக் குத்தினேன்.

இரண்டே வாரத்தில் பெர்மிஷன் வந்தது. கோயிலுக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒலிபெருக்கியைக் குறைந்த சத்தத்தில் வைக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடையைக்கூடப் பூட்டாமல் வீட்டுக்கு ஓடினேன்.

அவள் முதல் தாளைப் படித்தாள். சிரித்தாள். நான் பார்த்தேன், சிரித்தாள். பிறகு அதனோடு பின் குத்தியிருந்த நகலைத் திருப்பினாள்.

"இது என்ன?"

"லிஸ்டாக்கும்."

"எல்லாருக்க பேரும் எழுதிக் குடுத்தியளா?"

"பின்ன? அப்பிடித்தான் பெர்மிசன் கிட்டும்."

"ஆருகிட்டயாவது கேட்டியளா?"

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோயில்காரர்களும் சர்ச்காரர்களும் தங்கள் பெயரைத் தாங்களே என் பெட்டியில் போட்டு வைத்தவர்கள். பெயர் கொடுக்கப் பயப்படுகிற சாமி பக்தர்களை நான் பார்த்ததில்லை.

ஒரு போலீஸ்காரர் அந்த வாரமே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். மிரட்டவில்லை. "நீங்கள் இதில் உண்டா?" என்று வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி விசாரித்தார். அவ்வளவுதான். டீச்சரைப் பள்ளிக்கூட மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். பொழியூர்க்காரர்களிடம் வீட்டுக்காரர் வேறு இடம் பார்க்கச் சொன்னார். ஒரு தடவை கடல், இரண்டாவது தடவை நான். மற்றவர்கள் தாங்களாகவே, அதில் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அனுமதி பெற்ற முதல் வியாழக்கிழமை கண்டக்டர் வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்தோம். கண்டக்டர், அவள், நான், நோட்டுப் புத்தகத்தோடு ஒரு போலீஸ்காரர். எழுத ஒன்றும் இல்லாததால் அவர் சங்கடப்பட்டுக்கொண்டே இருந்தார். கால் மணி நேரத்தில் கண்டக்டர் எழுந்து பாயைச் சுருட்டினார்.

"நீ நல்லதுக்குத்தான் செய்தே மக்கா," என்றார் என்னிடம். "ஆனா பேரு வச்சுப்போட்டியே."

கொஞ்ச நாளில் அவர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கள்ளிக்காட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே அணைக்கட்டுப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பார் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். வியாழக்கிழமை படியில் உட்காருவதைக்கூட விட்டுவிட்டாள். அவளுடைய முகத்தில் அந்தத் தெளிச்சல் வந்து நான் பிறகு பார்க்கவில்லை. ஒரே கூரையின் கீழ் நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. அவளும் அப்படித்தான் இருந்திருப்பாள். ஆனால் அவளை அந்தத் தனிமையில் கொண்டுபோய் விட்டது நான்.

நான்கைந்து வருடம் போனது. தொண்ணூறுகள் முடியப் போகும் சமயம், கோயில் ஊர்வலமும் சர்ச் ஊர்வலமும் ஒரே நாளில் வந்து ரோட்டில் கைகலப்பு. ஸ்டேஷனில் சமாதானக் கமிட்டி கூட்டினார்கள். எனக்கு ஒரு தபால் வந்தது. 'செயலாளர்' என்று போட்டு, அந்த 'சர்வ ஐக்கிய' பெயரை முழுதாக எழுதி, வரச் சொல்லியிருந்தார்கள்.

போனேன். எனக்கு நாற்காலி போட்டிருந்தது. டீயும் பழம்பொரியும் கொடுத்தார்கள். புகாரில் கையெழுத்துப் போட்ட கோயில் செயலாளர் நகர்ந்து இடம் தந்தார். சர்ச் செயலாளர், "இவங்க இங்க பண்டே உள்ளவங்களாக்கும் சார்" என்று என்னைப் புது எஸ்.ஐ.க்கு அறிமுகப்படுத்தினார். எஸ்.ஐ. ஃபைலைப் புரட்டினார். இத்தனை வருடத்தில் இந்தச் சபைமேல் ஒரு கேஸ் இல்லை, ஒரு மைக் தகராறு இல்லை. "இவர்களைப் பார்த்து மற்றவர்கள் படிக்க வேண்டும்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எத்தனை உறுப்பினர்கள் என்று கேட்டார். இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்களை யாரும் பட்டியலிலிருந்து வெட்டவில்லை; ஃபைலில் இருந்ததைத்தான் சொன்னேன்: பதினொன்று. இல்லாமல் போன பிறகு நாங்கள் பழைய மதமாகிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். கேட்டு முடித்துவிட்டு எழுந்தாள்.

"நம்ம ரெண்டு பேராவது வியாழக்கிழமை இருப்போமே," என்றேன். "இப்ப ஆரும் கேக்கமாட்டாங்க."

"செகரட்டரி இருக்கப்பட்ட எடத்துல எனக்கு ஒண்ணும் தோணாது," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மூன்றாவது ஸ்டாம்பை அன்றைக்குத்தான் கிணற்றில் போட்டேன். பிறகு அந்தத் தண்ணீரைத்தானே அவள் கோரி எடுக்கிறாள் என்று நினைவு வந்து, வாளியை இறக்கி, மிதந்துகொண்டிருந்ததை அள்ளி எடுத்து, அடுப்பில் போட்டேன்.

அந்த வாரம் முதல் வியாழக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு முன்னறையில் இரண்டு பாய் விரிக்க ஆரம்பித்தேன். ஒன்றில் நான் உட்காருவேன். காதுக்குள் ரீங்காரம் கேட்கும். அவள் வரமாட்டாள், அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். பல வாரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு எழுந்தேன். ஒரு நாள் வாய் திறந்து சொன்னேன், மைக் டெஸ்ட் பண்ணுகிற குரலில் இல்லை, சாதாரணமாக:

"நீ அங்க பெய்யிட்டு வரும்போ ஒனக்க மொகத்தப் பாக்கதுக்கு நான் வாசல்ல நிப்பேன். அத ஒனக்ககிட்டச் சொன்னதில்ல."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் காத்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுடைய முறைப்படி பதில் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரம் கழுவும் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.